பதினேழாம் வரியின் சிவப்பு

அன்று வெள்ளியம்பாறை காவல் நிலையத்தில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர் ஜெயவேல், வந்து சேர்ந்து பதினோரு நாள், காவலர்கள் தவசிலிங்கம், இருளப்பன், வரவேற்பு மேசையில் பெண் காவலர் மாரிக்கனி, வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்ற ஏசுவடியான், எழுத்து மேசையில் ஏட்டு சௌந்திரபாண்டி. ஆக ஆறு பேர். எஸ்.ஐ. கிறிஸ்துராஜ் கோர்ட் வேலையாக வெளியே. பின் ரூமில் கிடந்த சுருளியைச் சேர்த்தால் ஏழு. வெளியே, பறிமுதல் செய்து நிறுத்திய பைக்குகளுக்கு நடுவில், தூக்குவாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த சுருளியின் பெண்டாட்டி பேச்சியைச் சேர்த்தால் எட்டு. ஆனால் அந்த இரண்டு பேரையும் எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டாம் என்று ஒன்பதே முக்காலுக்கே உத்தரவாகிவிட்டது. ஆகவே ஆறு. சௌந்திரபாண்டி ஆறு என்று எழுதிக் கீழே கோடு போட்டார். கோடு போட்ட பிறகும் அந்த இரண்டு பேர் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு எஸ்.பி. ஆபீசிலிருந்து போன். மறுநாள் குற்ற ஆய்வுக் கூட்டம். போன மாசம் எந்த ஸ்டேஷன் ஸ்லைடும் திரையில் சரியாகத் தெரியவில்லையாம், கலர் மேல் கலர் ஏறி எழுத்தெல்லாம் முழுகிப் போயிற்றாம், எஸ்.பி. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாராம். ஆகவே இனிமேல் பின்னணி வெள்ளை. கலர் எழுத்தில்தான் இருக்க வேண்டும். கண்டுபிடித்த வழக்கு பச்சை, கண்டுபிடிக்காதது சிவப்பு, புகாரே தவறு என்று முடித்தது சாம்பல். ஒரு மணிக்குள் அனுப்ப வேண்டும். சௌந்திரபாண்டி போனுக்கே எழுந்து நின்று சரிங்கய்யா சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய ஸ்லைடு நேர்மாறாக இருந்தது: எழுத்து வெள்ளை, பின்னணி கலர். இந்த வருஷத்துத் திருட்டு வழக்கு இருபத்து நாலும் ஒரே ஸ்லைடில், எறும்பு வரிசையாக. பத்தாம் வகுப்போடு நின்றவர், கம்ப்யூட்டரைத் தானாகப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். கட்டம் போட்ட அட்டவணை அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. வழக்குகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தனித்தனியாக ஒரு கலர்ப் பட்டையை நகர்த்தி, மயிரிழை பிசகாமல் பொருத்தி வைப்பார். இருபத்து நாலு வரி, இருபத்து நாலு பட்டை. மாவட்டத்தில் இப்படிச் செய்கிறவர் அவர் ஒருத்தர்தான். இப்போது ஒவ்வொரு வரியாக எழுத்துக்குக் கலர் கொடுத்து, பின்னாலிருக்கும் பட்டையை அழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேர வேலை கூட இல்லை.

முதல் வரி, ஒரு மோட்டார். எழுத்தின் மேல் மவுஸை இழுத்துக் கலர்ப் பெட்டிகளைத் திறந்து பச்சையைத் தொட்டார். பின்னால் போய்ப் பட்டையை அழித்தார். பின் ரூமில் முதல் அடி விழுந்தது. ஒன்று என்றது அவருக்குள் ஏதோ. எண்ண வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றால் ஓடு சொட்டுவதை எண்ணுவார், சாவு வீட்டில் பறையடியை எண்ணுவார், பெண்டாட்டி பிரசவத்தில் கத்தியதைக்கூட ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எண்ணியவர். இரண்டு. மூன்று. லத்தி உள்ளங்காலில் விழுந்தால் பலகை பிளக்கிற சத்தம். தொடையில் விழுந்தால் நனைந்த சாக்கில் விழுந்தது போல, பாதியிலேயே உள்ளே போய்விடும் சத்தம். இது உள்ளங்கால். நாலு, ஐந்து, உள்ளங்கால். இரண்டாம் வரி, வெள்ளாடு, சிவப்பு. "சங்கிலி எங்கடா?" என்று தவசிலிங்கத்தின் குரல், சலிப்பேயில்லாத குரல், பஸ் கண்டக்டர் சில்லறை கேட்பது மாதிரி. "எனக்குத் தெரியாதுய்யா, நான் பஞ்சர் ஒட்டிப் பொழைக்கேன்யா, ஊருக்கே தெரியும்யா." ஊருக்கே தெரியும், உண்மைதான். செக்போஸ்ட் பக்கத்தில் கொட்டகை போட்டு ஏழு வருஷமாக ஒட்டுகிறான். அதற்கு முன்னால் ஒரு சங்கிலியை அறுத்து உள்ளே போய் வந்தவன். அந்தப் பழைய முகம் ஸ்டேஷன் போர்டில் ஒட்டியே இருக்கிறது. எங்கே சங்கிலி போனாலும் முதல் ஜீப் அவன் கொட்டகைக்குத்தான் போகும். சங்கிலி என்றால் ஒன்பதாவது வரியாக இருக்கும் என்று சௌந்திரபாண்டி நினைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம், நாலரைப் பவுன். முந்தாநாள் புது இன்ஸ்பெக்டர் இந்த ஸ்லைடின் கலர் பிரிண்டை மேசையிலிருந்து எடுத்துப் பேனாவால் எதையோ சுழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எதைச் சுழித்தார் என்று கேட்கிற வழக்கம் சௌந்திரபாண்டியிடம் இல்லை. முப்பத்து நாலு வருஷ சர்வீசில் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது குறைவு. எழுதித் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

ஆறாம் வரிக்குப் பச்சை கொடுக்கும்போது எண்ணிக்கை பதினாலு. கலர்ப் பெட்டிகள் கீழ்வரிசையில் பத்து: கருஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளம்பச்சை, பச்சை, வெளிர்நீலம், நீலம், கருநீலம், ஊதா. அடிபட்ட உடம்பும் இதே பத்துப் பெட்டிதான், வரிசைதான் வேறே. முதலில் சிவப்பு, மறுநாள் ஊதா, அப்புறம் நீலம், ஏழாம் நாள் பச்சை, பத்தாம் நாள் மஞ்சள், அதன்பின் ஒன்றும் நடக்காதது போலத் தோல். பத்து நாள் கழித்து டாக்டரிடம் காட்டினால் போதும் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தெரியும். எத்தனை காயத்தை அவர் "பழைய காயம்" என்று எழுதியிருக்கிறார். எழுதினது முப்பத்தொன்று. அடித்தது ஒன்று. அந்த ஒன்று சர்வீசில் இரண்டாம் வருஷம், வேறே ஊர், ஒரு லாரி கிளீனர், பெயர் பரமன். அப்போதைய இன்ஸ்பெக்டர் லத்தியைக் கையில் கொடுத்து, "இருபது போடு" என்றார். சௌந்திரபாண்டி போட்டார், வாய்விட்டு எண்ணிக்கொண்டே, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. எட்டாவதில் பரமன் திரும்பிவிட்டான், லத்தி காதில் விழுந்தது, காதிலிருந்து ஒரு நூல் இறங்கிக் கழுத்தைத் தாண்டிச் சட்டைக்குள் போயிற்று. ஒன்பது என்று எண்ணி ஒன்பதையும் போட்டார். "கணக்கா அடிக்கான்யா!" என்று எல்லாரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி மோர் சோறு இறங்கவில்லை. மறுவாரம் எழுத்து வேலை கேட்டு மனு எழுதினார், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பரமன் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். அவருக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியவில்லை. ரசம் வேணுமா என்று கேட்டார். அவன் முகத்தை முழுசாகத் திருப்பி மறுபக்கத்துக் காதைக் கொடுத்து, "என்னண்ணே சொன்னீக?" என்றான். ஒன்பதாம் வரி, சிவப்பு. இருபத்தாறு, இருபத்தேழு. இப்போது தொடை.

பன்னிரண்டாம் வரியில் இருந்தபோது பின்கதவு திறந்து தவசிலிங்கம் தண்ணீர் குடிக்க வந்தான். பனியனோடு இருந்தான், வேர்வை. எண்ணிக்கை நாற்பத்தொன்று. செம்பை அண்ணாந்து கவிழ்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கான் ஏட்டய்யா. என் தோள்பட்டைதான் எறங்கிப்போச்சு" என்றான். "ஏம்ப்பா, பஸ் ஸ்டாண்ட் கேசுதானே?" "பஸ் ஸ்டாண்டா? இல்ல, ரைஸ்மில் தெரு டீச்சர் வீடு. அஞ்சு பவுனு. நீங்க போட்ட சிவப்புதானே, அதைத்தான் ஐயா சுழிச்சு வச்சிருக்காரு. பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்ல பகல்ல திருட்டு, அதுவும் சிவப்புல நின்னா எஸ்.பி. என்னைத் தொலைச்சிருவாருங்காரு. நாளைக்குள்ள பச்சையாகணுமாம். நல்லா பளிச்சுனு ஒரு பச்சையா எடுத்து வைங்க ஏட்டய்யா, என் கைவலிக்காச்சும்." மாரிக்கனி போனைக் காதில் வைத்தபடி, "அண்ணே, கதவைச் சாத்திட்டுப் போங்க, இங்க பேசுறது கேக்கல" என்றாள். தவசிலிங்கம் சிரித்துக் கதவைச் சாத்தினான். நாற்பத்திரண்டு.

டீச்சரா. டீச்சர் சாம்பல் ஆயிற்றே. அவரே தன் கையால் சாம்பல் போட்டது ஆயிற்றே. மூன்று வாரத்துக்கு முன்னால் ஞானமலர் டீச்சர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்து, "சார், திட்டாதீங்க. சங்கிலி அரிசி டிரம்முக்குள்ளேயே கிடந்துச்சு. வண்டு வராம வேப்பிலை போட்டேன்ல, அப்பக் கழுத்துலேந்து நழுவியிருக்கு. நேத்து உலை வைக்க அரிசி அள்ளுனா படியில வருது" என்று சொல்லி எழுதியும் கொடுத்தாள், பழைய இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்தார், அடுத்த வாரம் மாறுதலில் போனார், பதினாறாம் வரி, சாம்பல். சௌந்திரபாண்டி கண்ணைத் திரையில் கீழே இறக்கினார். பதினாறாம் வரியில் டீச்சர் இல்லை. அங்கே கூலையனின் செம்மறி ஆடு சாம்பலில் நின்றது. கூலையனின் ஆடு எப்போது கிடைத்தது? திங்கட்கிழமை கூட வந்து அழுதானே. டீச்சர் பதினேழில் இருந்தாள். சிவப்பில் இருந்தாள். போன செவ்வாய்க்கிழமை பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு மோட்டார் திருட்டுக் கேஸ் மாற்றி வந்தது. தேதி வரிசை கெடக்கூடாதே என்று பதினாலாம் வரியில் அதை நுழைத்தார். எழுத்தெல்லாம் ஒரு படி கீழே இறங்கிற்று. பட்டைகள் இறங்கவில்லை. பட்டைக்கு எழுத்தைத் தெரியாது, அது நட்ட கல், நட்ட இடத்தில் நிற்கும். கடைசியில் ஒரு வரி அம்மணமாக நின்றது. எண்ணிப் பார்த்தார்: சிவப்பு எட்டு இருக்க வேண்டும், ஏழு இருக்கிறது, ஒரு சிவப்புப் பட்டையை அடியில் பொருத்தினார், எட்டு. பச்சை பதினாலு, சாம்பல் இரண்டு, ஆக இருபத்து நாலு. கணக்குச் சரி. கணக்குச் சரியாக இருந்ததனால்தான் அவர் வரியைப் படிக்கவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குளித்தார். நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

பின் ரூம் கதவுக்கு நடந்தால் பதினோரு எட்டு. எழுந்து போய், ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல வேண்டும். சின்னத் தப்பா? ஐயா, ஒரு தப்பு. யார் தப்பு? என் தப்பு. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு மெமோ இல்லை. இன்னும் பதினாலு மாசம். ஜெயவேல் வந்த மூன்றாம் நாள் பெல்ட் போடாததற்காக இருளப்பனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார், மாரிக்கனி இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. இருளப்பனுக்கு இருபத்தொன்பது வயசு, கன்னம் தாங்கிற்று. ஐம்பத்தெட்டு வயசுக் கன்னம் எப்படித் தாங்கும்? பல் ஏற்கெனவே மூன்று இல்லை. அறை விழுந்தால் மூக்குக்கண்ணாடி எந்தப் பக்கம் பறக்கும் என்று பார்த்தார், அலமாரிப் பக்கம் பறந்தது, காவலர்கள் குனிந்து தேடினார்கள், அவர் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். நடக்காத அறைக்குக் கன்னம் சுட்டது. ஐம்பது. இது எங்கே விழுந்தது? இப்படி ஒரு சத்தம் அவருக்குத் தெரியாது. சுருளி கத்தவில்லை. அதுவரை கத்தினான், இப்போது கத்தவில்லை, இருமினான். இந்த வேலையை முடித்துவிடுவோம், வரிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போவோம், வெறும் கையோடு போகக்கூடாது, எத்தனை தப்பு என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டாமா. அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். மூடுகிற அவசரத்தில் அலமாரிக் கதவு சுண்டுவிரலைக் கடித்தது, நகத்துக்கடியில் ஒரு கருஞ்சிவப்புப் பெட்டி. நன்றாகக் கடிக்கட்டும். இன்னொரு தடவை மூடலாமா என்று நினைத்தார். பேப்பர் துளைக்கிற மெஷினைத் தூக்கித் தவசிலிங்கத்தின் தோள்பட்டையில் போடலாம், திரையில் போடலாம், இருபத்து நாலு வரியும் கண்ணாடியோடு நொறுங்கிக் கொட்டும். மெஷின் மேசையிலேயே இருந்தது. அதன் வயிற்றிலிருந்து இரண்டு வெள்ளைப் பொட்டுகள் விழுந்திருந்தன. விரலால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டார். பதிமூன்றாம் வரி. பதினாலு, சிவப்பு, சரி. பதினைந்து, சிவப்பு, சரி. பதினாறு, ஆடு, சாம்பல் தப்பு, சிவப்பு. ஐம்பத்து நாலு.

"எழுதுற ஐயா." ஜன்னல் கம்பிக்கு வெளியே பேச்சியின் முகம். பாராக்காரன் ஏசுவடியான் அவளை விரட்டவில்லை, வேறே பக்கம் பார்த்துக்கொண்டான். "காலையில வெறும் வயித்தோட கூட்டியாந்துட்டாக. கம்பங்கூழுதான்யா, வெயில்ல புளிச்சிரும். குடுத்துரட்டுமா?" "இரும்மா." "எம்புட்டு நேரம்யா ஆகும்?" "இரும்மா, கொஞ்ச நேரம்" என்றார். "அது ஒண்ணும் எடுத்திருக்காதுய்யா. பொழுதன்னைக்கும் ரப்பரும் பசையுமாத்தான் கெடக்கும்." எனக்குத் தெரியும் தாயி, எடுத்திருக்காது, அரிசி டிரம்முக்குள் கிடந்தது, படியில் வந்தது, கையெழுத்தோடு இருக்கிறது, இந்தா, இந்தக் காகிதக் கட்டுக்குள் மூன்றாவது தாள். இவ்வளவும் அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். அவள் கம்பியை விட்டுவிட்டுப் பைக்குகளுக்கு நடுவில் திரும்பப் போனாள். பதினேழாம் வரியை இழுத்துச் சாம்பலைத் தொட்டார். பட்டையை அழித்தார். பின்னால் வெள்ளை. எவ்வளவு சுலபம்! ஒரு தொடு. இங்கே மாறிவிட்டது, அங்கே மாறவில்லை, நடுவில் பதினோரு எட்டு. இருபதாம் வரி முடிந்ததும் எழுந்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே கெடு வைத்தார். பதினெட்டு, சரி. பத்தொன்பது, சிவப்பு, பட்டை பச்சையாக இருந்தது, தப்பு. இருபது, சரி. எழவில்லை. இன்னும் நாலு வரிதானே. இருபத்தொன்று, சரி. அறுபது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, சரி. இருபத்து நாலு, பச்சை, அடியில் அவர் தாமாக ஒட்டிய சிவப்பு, தப்பு. பதினோரு வரியில் நாலு தப்பு. எல்லாம் திருத்தியாயிற்று. சிவப்பு எட்டு, பச்சை பதினாலு, சாம்பல் இரண்டு. கணக்கு இப்போதும் அதேதான். அறுபத்து மூன்று. அறுபத்து நாலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. நின்றுவிட்டது. டீச்சர் வீடு என்று தவசிலிங்கம் வாயில் கேட்டதற்குப் பிறகு விழுந்தது இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டு யார் கணக்கு என்று அவருக்குத் தெரிந்தது. டீச்சர் எழுதிக்கொடுத்த தாளை உருவிக்கொண்டு எழுந்தார். பதினோரு எட்டு என்று நினைத்திருந்தது ஒன்பதுதான்.

உள்ளே ஜெயவேல் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுருளி சுவரோரம், பாதங்கள் இரண்டும் அவனுடையவை அல்ல என்பது போலத் தள்ளி வைத்துக் கிடந்தான். இருளப்பன் ஒரு தாளை அட்டையில் வைத்துப் பிடித்திருந்தான். "வாய்யா ரைட்டர். சொல்லிட்டான். டீச்சர் பள்ளிக்கூடம் போனதும் ஓட்டைப் பிரிச்சு எறங்கியிருக்கான். வெளியூர்ல வித்துட்டானாம். பச்சை பண்ணிரு" என்றார். சௌந்திரபாண்டி தாளை நீட்டினார். "ஐயா, அந்தச் சங்கிலி டீச்சர் கழுத்துல இருக்குதுங்கய்யா." தவசிலிங்கம் களுக்கென்று சிரித்து உடனே நிறுத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "இது யார் கையெழுத்து?" "பழைய ஐயாவோடதுங்க." "அப்பச் சிவப்பு போட்டது?" "நான்தானுங்கய்யா. நடுவுல ஒரு வரி சேர்த்தேன். எழுத்து எறங்கிருச்சு, கலர் எறங்கல." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் கொடுத்து நின்றார். ஜெயவேல் எழவில்லை. சுருளியைப் பார்த்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி, "ஏண்டா, எடுக்காத சங்கிலியவா எடுத்தேன்னு சொன்ன? வித்த ஊர் பேரெல்லாம் சொன்னியேடா" என்றார். "கேட்டீகல்ல, சொன்னேன்யா" என்றான் சுருளி.

இன்ஸ்பெக்டர் கடிகாரம் பார்த்தார். பன்னிரண்டு இருபத்தைந்து. டீச்சர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி. சொன்னவன் சொன்னதாவே இருக்கட்டும். சிவப்புல வேற சங்கிலி எது?"

"ஒன்பதாவது வரிங்கய்யா. பஸ் ஸ்டாண்ட் பின்பக்கம், நாலரைப் பவுன், பிப்ரவரி பதினொண்ணு, சாயங்காலம் ஆறே கால்." கேட்ட மூச்சு அடங்கும் முன் வந்துவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், பார்த்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம், இரண்டும் வந்தன, இந்த எண்களெல்லாம் வாயைத் தாண்டிப் போன பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

ஜெயவேல் குனிந்தார். "சுருளி, பஸ் ஸ்டாண்ட் பின்பக்கமா?" தவசிலிங்கம் சுவரில் சாய்த்த லத்தியைத் தொடக்கூட இல்லை. "ஆமாய்யா." "நாலரைப் பவுனா?" "ஆமாய்யா, நாலரை." அப்புறம் சுருளி தலையைத் திருப்பிச் சௌந்திரபாண்டியை அண்ணாந்து பார்த்து, பிசகிவிடக்கூடாதே என்ற கவலையோடு, "சாயங்காலம்தானே சொன்னீக ஐயா?" என்று கேட்டான்.

சௌந்திரபாண்டி திரும்பி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் வரியின் மேல் மவுஸை இழுத்தார், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, ஒன்றும் விடுபடாமல். பெட்டிகள் விரிந்தன. ஆறாவது பெட்டியைத் தொட்டார். ஸ்லைடின் அடியில் மொத்தம் போட வேண்டும் என்பது மேலிடத்து விதி, போட்டார். பச்சை பதினைந்து. சாம்பல் இரண்டு. பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பும்போது மீதி சிவப்பு, ஏழு.